பெரியம்மாவின் கண்ணில் இருந்தது

தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியை மேல் பட்டையில் ஒட்டி, இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. குலுங்குகிற பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியைப் பிடிப்பதைப் போல அந்த மேசையைப் பிடித்திருந்தார். மருந்து விட்டிருந்ததால் கண்மணிகள் அகலமாக விரிந்து கிடந்தன. தலையை ஆட்டாதீர்கள் என்று நான் சொல்லியிருந்ததை, மூச்சே விடாதீர்கள் என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. மூக்குத்தி கூட அசையவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் பெரியம்மா பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

புதுக்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனையில் எனக்கு வேலை. கண்ணுக்குள்ளே, பின்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையைப் படம் எடுப்பதுதான் அந்த வேலை. விழித்திரையை அடுக்கு அடுக்காகக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற கருவி ஒன்று இருக்கிறது. நீல வெளிச்சத்தைப் பாய்ச்சி, எந்தெந்த இடத்துச் செல்கள் ஒளிர்கின்றன, எங்கே செத்துப்போய் இருட்டாகக் கிடக்கின்றன என்று காட்டுகிற கருவி இன்னொன்று. வலியும் கிடையாது, ஊசியும் கிடையாது. சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்து, பிறகு கருவியின் முன்னால் தாடையை வைக்கச் சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் படம் எடுக்கிறவள் பலன் சொல்லக் கூடாது. அது டாக்டர் வேலை. திரையில் எதைப் பார்த்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் "அடுத்த கண்ண வைங்க" என்று சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். எனக்கு அது ஓரளவு கைவந்த கலைதான். பெரியம்மாவிடம் மட்டும் பலிக்கவில்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அறந்தாங்கிக்குத் தெற்கே ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவர். பெரியப்பா வளைகுடாவில் கட்டட வேலை செய்து, வீட்டுக்கு மாடி எழுப்பிவிட்டு, அந்த மாடியில் நிம்மதியாக ஒரு வருடம் படுத்துத் தூங்குவதற்குள் இறந்துபோனார். அதற்குப் பிறகு பெரியம்மாதான் அந்த வீட்டுக்கு ஆணும் பெண்ணும். தோப்பையும் வயலையும் அவரே பார்த்தார், பஞ்சாயத்துக்கும் அவரே போனார். எதிராளி ஒரு வார்த்தை பேசுவதற்குள் பத்து வார்த்தை பேசி உட்கார வைத்துவிடுவார். எனக்குச் சிறுவயதில் அவர் மீது பயமும் உண்டு, கொள்ளை ஆசையும் உண்டு. நான் கண் படிப்புக்குப் போவதாகச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். "ஏன், கண்ணுன்னா எளக்காரமா? நீ போத்தா, நான் பேசிக்கிறேன்" என்று நின்றவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. அப்பா வழியிலேயே அவரும் வளைகுடாவுக்குப் போய் ஓட்டுநர் வேலை பார்த்தார். போவதற்கு முன்னால் கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தாராம். நேரே இருப்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பக்கவாட்டில் என்ன தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. விடுமுறையில் வந்தபோது மணமேல்குடிப் பக்கத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார்கள். திரும்பிப் போன அண்ணன், இரவில் இரண்டு தடவை வண்டியை இடித்துவிட்டார். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்த பிறகு நிலைக்கதவில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்திலிருந்து காபி டம்ளரை நீட்டினால் வாங்க மாட்டார். தெருவில் பக்கமாக வருகிறவர்களைக் கண்டுகொள்ள மாட்டார். வெளிநாட்டுக்குப் போய் வந்த திமிர் என்று ஊர் பேசியது. பொழுது சாய்ந்தால் வீட்டை விட்டு அவர் நகர்வதில்லை என்பதைப் பெரியம்மாவும் அண்ணியும் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை.

கண்தான் பிரச்சினை என்று புரிந்தபோது, பழியும் கூடவே ஒரு முகவரியைத் தேடிக்கொண்டது. அண்ணி வந்த பிறகுதானே இப்படி ஆயிற்று! "வந்த நேரம் சரியில்ல" என்று முதலில் மற்றவர்கள் சொன்னார்கள், பிறகு பெரியம்மாவே சொல்லத் தொடங்கினார். ஒருநாள் அண்ணியின் பெட்டியில் மஞ்சள் துணியில் முடிந்த திருநீறு கிடைத்தது. அண்ணி பிறந்த வீட்டுக் குலதெய்வத்தின் திருநீறு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் சாமியும் மாறிவிடும். பிறந்த வீட்டுச் சாமி பிறந்த வீட்டோடு நின்றுவிட வேண்டும், அதன் பிறகு புருசன் வீட்டுச் சாமிதான் அவளுக்குச் சாமி. ஏதோ மனது கேட்காமல் அண்ணி எடுத்து வந்திருக்கிறார். "ரெண்டு சாமிய ஒரு வீட்டுல வச்சுக்கிட்டா எங்க கருப்பரு சும்மா இருப்பாரா? அதான் எம்புள்ள கண்ணுல கை வச்சிட்டாரு" என்றார் பெரியம்மா. கிடா வெட்டினார்கள், பொங்கல் வைத்தார்கள், வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாமிக்குச் சாத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அண்ணியை, மூன்று வயதுப் பெண் குழந்தையோடு, பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மாதங்கள் போகப் போக, உறவையே முறித்து அத்துவிடுகிற பேச்சு அடிபட ஆரம்பித்தது. அண்ணன் வாயே திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு அவர் மேல் இன்னும் மிச்சம் இருக்கிறது.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் ஒரு தம்பி இருந்தார், என் மாமா. அவருக்கும் வாலிப வயதிலேயே பார்வை மங்கத் தொடங்கி, நாற்பது வயதில் முழுதும் போய்விட்டது. கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மாடு முன்னால் நடக்க, அதன் முதுகில் ஒரு கையை வைத்தபடி வயலிலிருந்து அவர் திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். சிறுவயதில் அய்யனார் கோயில் காட்டில் கிளை ஒடித்ததால் வந்த தண்டனை என்று எல்லோரும் நம்பினார்கள். அப்படியென்றால் மாமா கண்ணுக்கும் அண்ணன் கண்ணுக்கும் ஒரு தொடர்பு இருக்குமே என்று ஒருவருக்குக் கூடத் தோன்றவில்லை. காரணம் அந்தச் சாமிக் கணக்குதான். மாமா கண் அய்யனார் பொறுப்பு. அண்ணன் கண் கருப்பர் பொறுப்பு. பெரியம்மா கல்யாணத்தோடு பிறந்த வீட்டு அய்யனாரை விட்டுவிட்டு வந்தவர், ஆகவே அய்யனார் இங்கே வர வழியில்லை. பெண்கள் வீடு மாறும்போது கூடவே எதுவும் வராது என்று அவ்வளவு உறுதியாக நம்பியிருந்தோம். படித்த நானும்தான். அதே துறையில் வேலை பார்த்துக்கொண்டும் அந்த இரண்டு பேரையும் நான் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா மருத்துவமனைக்கு வந்தது ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால். அண்ணனைப் படம் எடுத்தேன். நடுவில் ஒரு சின்ன வட்டம் உயிரோடு இருந்தது. அதைச் சுற்றி ஒளிரும் வளையம். வளையத்துக்கு வெளியே கருப்பு, கருப்பு, கருப்பு. குறுக்கு வெட்டுப் படத்திலும், ஒளியை வாங்கிக்கொள்கிற அடுக்கு நடுவில் மட்டும் கோடாக ஓடிவிட்டு இரண்டு பக்கமும் காணாமல் போயிருந்தது. எங்கள் டாக்டர் அம்மா நிதானமானவர். படங்களைப் பார்த்தார், குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். பெரியம்மா மாமாவைப் பற்றிச் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவோட கண்ணையும் ஒரு படம் எடுத்துரலாமா?" என்று கேட்டார். பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கென்ன டாக்டரம்மா கேடு? இந்த வயசுலயும் கண்ணாடி போடாம ஊசியில நூல் கோப்பேன். எடுங்க, நல்லா எடுங்க. எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். அப்படித்தான் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

முதலில் வலது கண். நீல வெளிச்சம் பாய்ந்தது. திரையில் படம் மெல்ல எழும்பி வந்தபோது என் கை மவுசின் மேலேயே நின்றுவிட்டது. செத்த இடம் எதுவும் இல்லை. ஆனால் விழித்திரையின் மையத்திலிருந்து நாலா பக்கமும் வெளிச்சக் கோடுகள் பிரிந்து பிரிந்து ஓடின. பாடத்தில் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கு இருக்கிற நோயைச் சுமந்துகொண்டிருக்கிற பெண்ணின் கண்ணில் மட்டும் வருகிற கோடுகள் அவை. அவளுக்குப் பார்வை நன்றாகவே இருக்கும். அவள் பெறுகிற பையன்களில் யாருக்கு வேண்டுமானாலும் அந்த நோய் வரலாம். இடது கண்ணையும் எடுத்தேன், அதே கோடுகள்.

"ஏண்டி, மூஞ்சி ஏன் செத்துப்போச்சு?" என்றார் பெரியம்மா, தாடையை எடுக்காமலே.

"ஒண்ணுமில்ல பெரியம்மா. டாக்டர் சொல்லுவாங்க."

அவர் எழுந்து என் பின்னால் வந்து நின்றார். மருந்து விட்ட கண்ணால் திரையை உற்றுப் பார்த்தார். "இதென்ன, வெளக்கமாத்த விரிச்சுப் போட்டாப்புல இருக்கு. இதுவா என் கண்ணு?" என்றார். என் தோளில் கை வைத்திருந்தார், அந்தக் கை கனத்துக்கொண்டே போனது.

டாக்டர் அண்ணனின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, இருவரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். ரத்தப் பரிசோதனையிலும் உறுதி செய்துகொள்ள வேண்டும், ஆனால் படம் தெளிவாகவே இருக்கிறது. இது தாய் வழியாக மகனுக்கு வருவது. தாய்க்குத் தெரியாது, அவளுடைய தாய்க்கும் தெரிந்திருக்காது. இழந்ததைத் திருப்பித் தரும் சிகிச்சைக்கு ஆராய்ச்சி நடக்கிறது, இன்னும் கைக்கு எட்டவில்லை. அண்ணனுக்கு இனி மகன் பிறந்தால் அவனுக்கு வராது. ஆனால் மகள்கள் எல்லோரும், பெரியம்மாவைப் போலவே, பார்வை போகாமல் அதைச் சுமப்பார்கள். இதில் யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

பெரியம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "குத்தமில்லங்கறீங்க. சரி. அப்ப அந்தப் புள்ளைய நான் எதுக்குங்க வெரட்டுனேன்?" என்றார். அண்ணன் அப்போதுதான் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. பெரியம்மா மட்டும் அழவில்லை.

அன்று சாயங்காலம் கூட வேலை பார்ப்பவளிடம் சொல்லி நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். என் அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார், அவர் கண்ணைப் பார்க்க வழியில்லை. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். என் படத்தில் கோடுகள் இல்லை, பின்னால் வந்த ரத்தப் பரிசோதனையிலும் இல்லை என்றே வந்தது. நிம்மதியில் உடம்பே லேசாகிவிட்டது. பெரியம்மாவை நினைத்ததும் அந்த நிம்மதியே கூச்சமாகவும் ஆகிவிட்டது. ஒரே வழியில் வந்த பெண்களில் ஒருத்தியிடம் போய், இன்னொருத்தியிடம் போகாமல் விட்டதற்கு எந்தச் சாமியிடம் காரணம் கேட்பது?

பெரியம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவும் படம் சொன்னதையே சொன்னது. போனில் சேதியைச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம லீவு போடு. மணமேல்குடிக்குப் போறோம்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அறந்தாங்கியில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "தப்பு எம்மேலதான்னு சொல்லிர்றேன். காலுல விழச் சொன்னாலும் விழுந்துர்றேன். ஆனா ஆத்தா, புள்ள விசயத்த மட்டும் அங்க எடுக்காத. பேத்திக்கும் இருக்குன்னு தெரிஞ்சா அவ வரவே மாட்டா. வந்து சேரட்டும், பெறகு மெல்லச் சொல்லிக்கிறலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது தப்பு என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பது போலவும் இருந்தது. அந்தக் குடும்பம் ஒன்று சேர வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் உடம்புக்குள் இருப்பதை மறைத்து ஒருத்தியை வீட்டுக்கு அழைப்பது எனக்கு ஒப்பவில்லை. "கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் பெரியம்மா" என்றேன். "கேக்க மாட்டா" என்றார்.

அண்ணியின் வீட்டில் எங்களை வா என்று கேட்டார்கள், உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அண்ணியின் அம்மா தூணில் சாய்ந்து நின்றார். அண்ணி உள் கதவோரம். குழந்தை பெரியம்மாவைக் கண்டதும் "அப்பத்தா" என்று ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டது. அதற்கு யார் மேலும் வருத்தமில்லை. சம்பந்தியைப் பெரியம்மா மதினி என்றுதான் கூப்பிடுவார். "மதினி, எம்மவன் கண்ணு போனதுக்கு ஒங்க மக காரணமில்ல. சாமியும் காரணமில்ல. அது என்கிட்டேருந்து போயிருக்கு. என் கண்ணுல இருக்குறத மெசின்ல புடிச்சுக் காட்டிட்டாங்க. நாந்தான் தெரியாம ஒங்க புள்ள மேல பழியப் போட்டு வாசல்ல நிறுத்திட்டேன்" என்றார். பஞ்சாயத்தில் கணீரென்று ஒலிக்கிற குரல், அன்றைக்குப் பக்கத்தில் இருந்த எனக்கே சிரமப்பட்டுத்தான் கேட்டது.

அண்ணி கதவோரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "ஒங்க அண்ணனுக்கு அவுக அம்மாகிட்டேருந்து வந்துச்சு. அப்ப எம்மகளுக்கு அவுக அப்பாகிட்டேருந்து வருமா?"

நான் வாயைத் திறந்தேன். பெரியம்மா முந்திக்கொண்டார்.

"வந்திருக்குத்தா. அவளும் என்னைய மாதிரிதான். கண்ணு நல்லாத் தெரியும், கடைசிவரைக்கும் தெரியும். ஆனா அவ பெத்துக்கிற பையனுக்கு வந்தாலும் வரும்."

அண்ணிக்கு அப்போதுதான் ஆத்திரம் பொங்கியது. அத்தனை மாதம் அடக்கி வைத்தது. "இதச் சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீங்களாத்தை?" என்று கத்தினார்.

"இல்ல" என்றார் பெரியம்மா. "இத மறைச்சு ஒன்னையக் கூட்டிக்கிட்டுப் போகணும்னுதான் வந்தேன். பஸ்ஸுல வரும்போது இவகிட்டகூட சொல்லாதன்னேன். இந்தப் புள்ள வந்து மடியில ஏறிருச்சு. முடியல. எங்காத்தா எனக்குச் சொல்லல, அவளுக்குச் சொல்ல ஆளில்ல. தெரியாததுனால நான் யார் யாரையோ வைஞ்சேன். இந்தப் புள்ளைக்காவது தெரியட்டும்."

அண்ணி அன்று எங்களோடு வரவில்லை. அத்துவிடுகிற பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. ஊர் திரும்பும் வரை பெரியம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டே வந்தார். அவரைத் தேற்ற எனக்குத் துணிவு வரவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அடுத்த மாதம் ஒரு நாள் மத்தியானம் அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு தானாகவே பஸ் ஏறி வந்துவிட்டார். ஏன் வந்தாய் என்று பெரியம்மாவும் கேட்கவில்லை, ஏன் அனுப்பினீர்கள் என்று அண்ணியும் கேட்கவில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் கொஞ்சல் குலாவல் எல்லாம் வந்துவிடவில்லை. ஆனால் அண்ணி போட்டால்தான் பெரியம்மா சாப்பிட்டார். கடைசியில் பெரியம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எல்லாவற்றையும் பார்த்தவர் அண்ணிதான்.

படுக்கையில் விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் நான் போயிருந்தேன். பெரியம்மா பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னவர் பெரியம்மாதான், வேறு யாரையும் சொல்ல விடவில்லை. அன்றும் பின்னிக்கொண்டே, "இது என்கிட்டேருந்து ஒனக்கு வந்தது. ஒனக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா ஒன்னையக் கட்டிக்கப்போறவன்கிட்ட மொதல்ல இதச் சொல்லிரணும். கேட்ட பெறகும் கட்டிக்கிறேன்னா, அவன் மனுசன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"போங்க அப்பத்தா, எனக்கு வெக்கமா இருக்கு. அவன் வந்தா நீங்களே சொல்லிருங்க" என்றாள் அவள்.

"சரி, நானே சொல்லிர்றேன்" என்றார் பெரியம்மா.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த வேலை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது.